யார் ஜாடை

கேள்வி கேட்கக் கூடாது என்று பரிதி சொல்லியிருக்கிறான். கார் சாத்தூரைத் தாண்டும்போது ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, அங்க போய் எதுவும் கேக்காதம்மா. அவங்க கேக்கட்டும், நீ பதில் மட்டும் சொன்னா போதும்" என்றான். சரிடா என்றேன். என் பிள்ளைக்கு என்னைத் தெரியும். காலமெல்லாம் கல்லூரியில் மானிடவியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான், ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே யார் மூத்தவர், யார் பேச்சு எடுபடும், எந்தச் செருப்பு விருந்தாளியுடையது என்று மனசு பார்க்க ஆரம்பித்துவிடும், மருந்துக்கடைக்காரன் கை தானாக மாத்திரை அட்டையை வெட்டுகிற மாதிரி. இப்போது கோவில்பட்டியில், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற நித்திலாவின் வீட்டில், இன்று காலைதான் உறை மாற்றிய சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன், உறையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கிறது, எனக்காக யாரோ விடியற்காலையில் எழுந்து தேய்த்திருக்கிறார்கள். இத்தனை நாற்காலி இருக்க நித்திலாவின் அப்பா சங்கரபாண்டியன் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார், அவருடைய அக்கா உட்கார்ந்திருப்பதாலா, அக்கா முன்னால் தம்பி உட்காருவதில்லையா, இல்லை இன்றைக்கு மட்டும்தானா. கேட்கக் கூடாது. உள்ளே எண்ணெய் காய்கிற வாசனை, வெல்லமும் ஏலக்காயும் கலந்தது, சீயம் போடுகிறார்கள், பருப்புப் பூரணமா தேங்காயா. கேட்கக் கூடாது. பட்டுப்புடவை இடுப்பில் குத்துகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முக்குகிறது. எதிரே பரிதி முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்து உட்கார்ந்திருக்கிறான், ஆறடி வளர்ந்தவன், பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று உட்கார்ந்த மாதிரியே, பாவம், கழுத்துக்குப் பின்னால் வேர்வை கோடு போட்டிருக்கும், எழுந்து போய் முந்தானையால் துடைத்துவிடலாம் போலிருக்கிறது, துடைத்தால் என்னைக் கொன்றுவிடுவான்.

என்னைப் பார்க்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரை நான் பார்த்த மாதிரி இன்று என்னைப் பார்க்கிறார்கள், இது நியாயம்தான், ஒரு கணக்கில் இது சுகமாகக்கூட இருக்கிறது. அந்த அக்காதான் நித்திலாவின் அத்தை பேச்சியம்மாள், அவர் பார்வை என் கழுத்தில் வந்து நின்றது, ஒற்றைச் செயின், அதில் ஒன்றும் கோத்திருக்கவில்லை, அங்கிருந்து நெற்றிக்குப் போனது, அங்கே சின்னதாகக் கறுப்புப் பொட்டு, பிறகு கால்விரலுக்கு இறங்கியது. அவ்வளவுதான், ஒரு நொடியில் முடித்துவிட்டார். என் மாணவர்களுக்கு இந்தக் கண் வர மூன்று வருஷமாகும். "அப்பா இல்ல" என்று பரிதி முன்பே இவர்களிடம் சொல்லியிருந்தான், ஃபோனில். இல்லை என்றால் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை அவன், அப்பா இல்லைதான், ஒருநாளும் இருந்ததில்லை, நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேள்வி கேட்காதே என்று சொன்ன பிறகு, எட்டயபுரம் பிரிகிற போர்டு வந்தபோது, இன்னொன்றும் சொன்னான். "நித்திலாகிட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன்மா. அவங்க வீட்ல சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ சொன்னா நான் ஆமான்னு உக்காந்திருப்பேன். சொல்லலைன்னா அப்படியே போயிடுவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." இரண்டும் ஒன்று இல்லை. ஸ்டியரிங்கில் அவன் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அது அவனுக்குப் பயம் வந்தால் செய்வது, மூன்று வயதில் என் வீட்டுக்கு வந்தபோது தட்டில் சோற்றை வைத்துவிட்டு நான் தள்ளி நின்றால் அந்தத் தட்டின் விளிம்பில் அப்படித்தான் தட்டுவான். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான், எனக்காகச் சொல்கிறான். சொல்லாமல் போய்விட்டால் என்ன. யாரைக் கெடுக்கப்போகிறது. சொல்லாமல் போனால் நாளைக்கு இவர்கள் வீட்டு விசேஷத்தில் எவராவது ஒருவர் அவன் முகத்தைப் பார்த்து அப்பா எந்த ஊர் என்று கேட்பார், அவன் சிரித்துச் சமாளிப்பான், அதன் பிறகு இன்னொருவர், இப்படியே அவன் ஆயுசு முழுக்க ஒரு கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்கும். சொன்னால் இன்றைக்கே எழுந்து போகச் சொல்லிவிடலாம். சொல்லாமலே இருந்துவிடலாம். காபி வந்தது.

காபியைக் கொண்டுவந்தது நித்திலா இல்லை, அவள் அம்மா செண்பகம். பெண்ணை ட்ரே தூக்கவிடவில்லை. இதை நான் கவனித்தேன், மனசு குளிர்ந்தது, நித்திலா பரிதிக்குப் பக்கத்து நாற்காலியில் சுரிதாரில் சும்மா உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள், நல்ல பெண். செண்பகத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, ட்ரேயை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க காலேஜ்ல என்ன பாடம் எடுத்தீக? பாப்பா ஒரு பேரு சொன்னா, எனக்கு வாயில வரல" என்றாள். மானிடவியல் என்றேன். "மனுஷங்களப் பத்தின படிப்பு." அவள் யோசித்துவிட்டு, "மனுஷங்களப் பத்திப் படிக்க என்ன இருக்கு?" என்றாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். சங்கரபாண்டியன் நின்ற இடத்திலிருந்து, "மண்டை ஓடெல்லாம் அளப்பாகளே, அதானே?" என்றார். அதுவும் உண்டு என்றேன். வருஷா வருஷம் ஜூலை மாதம் முதல் வகுப்பில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன், சொல்வேன் என்றா சொன்னேன், கேட்பேன், முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒன்றும் எழுத மாட்டேன், நீ யார் என்று ஒருவனை எழுப்பிக் கேட்பேன். பேரைச் சொல்வான். அது உன்னைக் கூப்பிடுகிற சத்தம், நீ யார் என்பேன். ஊரைச் சொல்வான், அடுத்தவன் சாதியைச் சொல்லலாமா வேண்டாமா என்று விழுங்குவான், பின்பெஞ்சில் ஒருவன் குரங்கிலிருந்து வந்தவன் என்பான், சிரிப்பு, கடைசியில் யாராவது ஒரு பெண் எழுந்து, நான் எங்க அம்மா பொண்ணு மேடம் என்பாள், எல்லோரும் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன், அதுதான்மா பாடம், உட்கார் என்பேன். எலும்பைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பானை ஓட்டைப் பார்க்கிறவர்கள், பேச்சைக் கேட்கிறவர்கள், என்னைப்போல அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே அவர்களைப் பார்க்கிறவர்கள், எல்லோரும் கடைசியில் தேடுவது அந்தப் பெண் சொன்னதைத்தான், யார் யாருடைய யார். இதையெல்லாம் செண்பகத்திடம் எப்படிச் சொல்வது, நல்ல உதாரணமாகச் சொல்வோம் என்று, "ஒவ்வொரு ஜனமும் யாரை யாருக்குக் கட்டிக்கொடுக்கிறாங்க, ஏன் சிலபேர் அத்தை மகனைக் கட்டறாங்க, சிலபேர் கட்டறதில்லை, அந்த மாதிரி விஷயம்" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, கூடம் அடங்கிப்போனது. மின்விசிறி முக்கியது. பேச்சியம்மாள் காபி டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "எங்கள்ல கட்டறதுதான் வழக்கம்," என்றார், "இவளுக்கும் அத்தை மகன் இருந்தான். என் மகன்."

போச்சு. முப்பத்தைந்து வருஷம் படிப்பு, ஒரு வாக்கியத்தில் உரிமைக்காரி காலையே மிதித்துவிட்டேன். பரிதி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான், காது சிவந்துவிட்டது. பேச்சியம்மாள் அழவில்லை, கோபப்படவில்லை, டம்ளரைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோனார், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அதனால்தான் தம்பி நிற்கிறார் என்று இப்போது புரிந்தது, வழக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, மனசாட்சி உட்காரவிடவில்லை. தம்பி மகள் தன் வீட்டுக்கு விளக்கேற்ற வருவாள் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்த அம்மாள், அது இல்லையென்று ஆன பிறகும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். உடனே இன்னொரு நினைப்பு, இவரிடம் எப்படிச் சொல்வது, எல்லோரிடமும் சொல்லலாம், இவரிடம் எப்படி, என் மகனை விட்டுவிட்டு நீ தேர்ந்தெடுத்தது யாரை என்று பார் என்று தம்பியைக் கேட்பாரே. அப்போதுதான் அவர் பேச்சை மாற்றினார், எனக்காகத்தான் மாற்றினார், பெரிய மனுஷி, நான் சங்கடப்படுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி அப்படியே உங்க ஜாடை" என்றார். "அந்த மூக்கு, சிரிக்கும்போது புருவத்த ஒருபக்கம் தூக்குறது, உரிச்சு வச்சாப்ல." எல்லோரும் பரிதியைப் பார்த்தார்கள், பிறகு என்னை. செண்பகம் ஆமாம் என்று சிரித்தாள்.

இதை எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். பால்காரர், ஸ்கூல் டீச்சர், ரயிலில் எதிர் சீட்டில் வந்த பெண். ஒவ்வொரு தடவையும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன், ஒருநாள் அவன் தூங்கும்போது கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவன் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தேன், மண்டை ஓடு அளக்கத் தெரிந்தவள், ஒரு ஒற்றுமையும் கிடையாது, அவன் மூக்கு நேர், என் மூக்கு கொஞ்சம் பரந்தது. புருவம் மட்டும் நிஜம். அது என்னைப் பார்த்துப் பார்த்து அவன் முகம் கற்றுக்கொண்டது. உறவு மரம் வரையச் சொல்லித்தருவோம், ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், பெற்ற பிள்ளைக்கு நேர்க்கோடு, தத்துப்பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. அந்தப் புள்ளிக்கோட்டைப் போர்டில் போடும்போதெல்லாம் புள்ளிகளை நெருக்கி நெருக்கிப் போடுவேன், பின்பெஞ்சிலிருந்து பார்த்தால் கோடு மாதிரிதான் தெரியும். என் காரணம் அவர்களுக்குத் தெரியாது. மலையில் களப்பணிக்குப் போயிருந்த காலம், நாச்சி என்று ஒருத்தி, என் வயதுக்காரி, சாமை குத்திக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கிழவர் உனக்கு என்ன வேணும், இந்தப் பையன் உனக்கு என்ன வேணும் என்று ஊரையே கேட்டுத் தீர்த்துவிட்டேன், அவள் உலக்கையை நிறுத்தி, "எல்லாருக்கும் யாரு என்ன வேணும்னு கேக்குறியே, உனக்கு யாரு வேணும்?" என்றாள். அவள் உறவுமுறையைத்தான் கேட்டாளோ ஆசையைத்தான் கேட்டாளோ, நான் சிரித்து மழுப்பிவிட்டு மலையிறங்கி வந்துவிட்டேன், ஆனால் பஸ்ஸில், வகுப்பில், பல் தேய்க்கும்போது, உனக்கு யாரு வேணும், உனக்கு யாரு வேணும். அடுத்த வருஷம் ஒரு குழந்தைகள் இல்லத்து வராந்தாவில் போய் நின்றேன். ஒரு பயல் வந்து என் செருப்புக்குள் தன் காலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா ஜாடை ஒண்ணும் இல்லையோ?" என்றார் பேச்சியம்மாள். சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த வார்த்தைக்கு நேரம் இருந்தது, இல்லை என்று ஒரு சொல் போதும், அதுவும் உண்மைதான், காபியைக் குடித்துவிட்டு சீயம் சாப்பிட்டுவிட்டு நாள் குறிக்கலாம். நித்திலா நகம் கடிப்பதை நிறுத்திவிட்டாள். பரிதியின் கட்டைவிரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்கு யோசனை எதுவும் வரவில்லை, குரல்தான் வந்தது. "அவன் அப்பா யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. அம்மா யாருன்னும் தெரியாது. எனக்குக் கல்யாணம் ஆகலை. அவன் மூணு வயசுல என்கிட்ட வந்தான். நான் எடுத்து வளர்த்த பிள்ளை." பரிதி, "ஆமாங்க" என்றான், சொன்னபடியே. தட்டுவது நின்றிருந்தது. சங்கரபாண்டியன் இப்போதுதான் உட்கார்ந்தார், நாற்காலியில் இல்லை, ஜன்னல் கட்டையில். பேச்சியம்மாள் என்னையே பார்த்தார். "அப்ப யாரு எவருன்னே தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். "ஜாதகம் இல்லைன்னாக, உங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லபோலன்னு நினைச்சோம்" என்றார், பிறகு தம்பி பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நித்திலா, "எனக்குத் தெரியும்ப்பா, முதல்லயே தெரியும்" என்றாள். செண்பகம் காலி டம்ளர்களை ட்ரேயில் அடுக்கினாள், என் டம்ளரில் பாதி இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாதிக் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊரிலும், எந்த மலையிலும், பாதி குடித்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரப்பட்டுவிட்டேன். உன் இஷ்டம் என்றான் அவன், நான் என் இஷ்டத்தைப் பார்த்துவிட்டேன், இப்போது நித்திலா என்ன ஆவாள், இவன் திரும்பிப் போகும்போது கார் ஓட்டுவானா, என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகச் சொல்லமாட்டான், அதுதான் தாங்காது, விருதுநகரில் நிறுத்தி டீ வாங்கித்தருவான், சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லிட்டேன்மா என்பான். முழங்கால் வலித்தது. பையை எடுக்கலாமா, எழுந்திருக்கலாமா, யார் முதலில் எழுந்திருப்பது, அதற்கு ஏதாவது முறை இருக்குமே. உள்ளேயிருந்து எண்ணெயில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. போகச் சொல்லப்போகிறவள் எதற்கு இன்னும் சீயம் போடுகிறாள், கலந்த மாவு வீணாகுமே என்று போடுவாள், அப்படியும் இருக்கும். அப்போது அவள் குரல். "மதினி, இங்கன கொஞ்சம் வாங்க." மதினி என்றால் நாத்தனார் முறை, பேச்சியம்மாளைக் கூப்பிடுகிறாள் என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்களத்தான்" என்றார். "என்னைய அவ அண்ணின்னுதான் கூப்புடுவா."

சமையலறை சின்னது, அனல். செண்பகம் திரும்பாமலே, "உக்காருங்க, அந்த ஸ்டூல்ல" என்றாள். "ஆறிப்போன காபியக் குடிக்க வேணாம், வேற போடுதேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சீயத்தைப் புரட்டிப் புரட்டிவிட்டாள். "அண்ணி பேசுறத மனசுல வைக்காதீக. அவுகளுக்கு ஆத்தமாட்டாம இருக்கு. எங்க வீட்டாளு இன்னைக்குப் பேச மாட்டாக. ரெண்டு மூணு நாளாகும். என்ன சொல்லுவாகன்னு எனக்கே தெரியாது. ஆனா கேட்டது அவுக காதுல மட்டுமா, என் காதுலயும்தான விழுந்தது, நானும் பேசுவேன்." பிறகு கரண்டியை ஓரம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வந்தப்ப பேச்சு வந்துருச்சா அவனுக்கு?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். "சாப்புடுவானா?" வேகமாகச் சாப்பிடுவான், யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்கிற மாதிரி. "ராத்திரி அழுதானா?" அழமாட்டான், அதுதான் பயமாக இருந்தது. "உங்கள என்னன்னு கூப்புட்டான்?" யாரும் இதைக் கேட்டதில்லை. சட்டம் கேட்டதில்லை, என் அண்ணன் கேட்டதில்லை, என்னிடம் படித்தவர்கள் ஒருவரும் கேட்டதில்லை, கேள்வி கேட்டே வாழ்ந்தவளிடம் ஒரு கேள்வி வருவதற்கு இவ்வளவு காலம். "இந்தா" என்றேன். "இந்தா, தண்ணி. இந்தா, மழை. ரெண்டு மாசம் அப்படித்தான் கூப்பிட்டான்." அவள் சிரித்தாள். நான் நிறுத்த முடியாமல் பேசிக்கொண்டே போனேன், ஒருநாள் பஜாரில் பாத்திரக்கடை வாசல், கூட்டம், அவன் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது, நான் முன்னால் தேடுகிறேன், பின்னாலிருந்து யாரோ ஒரு குழந்தை அம்மா என்று கத்துகிறது. கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை பேரும். நான் மட்டும் திரும்பவில்லை. எவளோ பெற்ற பிள்ளை, அவள் பார்த்துக்கொள்வாள், என் பிள்ளை இந்தா என்றுதானே கூப்பிடுவான் என்று தேடிக்கொண்டே இருந்தேன். அவன் ஓடிவந்து என் புடவையைப் பிடித்து இழுத்து, ஏன் திரும்பலை என்றான். "இன்னைக்கு வரைக்கும் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றேன். கண் எரிந்தது, எண்ணெய்ப் புகை.

செண்பகம் அடுப்பைக் குறைத்தாள். "இதுல என்ன இருக்கு" என்றாள். "எனக்கு இவ பொறந்தப்ப, ஆஸ்பத்திரியில நர்சம்மா துணியில சுத்தி எடுத்துட்டு வந்து, பிள்ளைக்கு அம்மா யாரும்மான்னு கேட்டாக. நான் திரும்பி எங்க அம்மாவப் பாத்தேன். என்னையச் சொல்லுதாகன்னு தோணவே இல்ல. நான்தான் பெத்துப் படுத்துருக்கேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், தோள் குலுங்கியது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டோம், வெளியே கூடத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அவள் தட்டில் ஆறு சீயத்தை எடுத்து வைத்தாள், தேங்காய்தான், பிய்ந்த ஒன்றில் தெரிந்தது. "நீங்களே கொண்டுபோங்க. முதல்ல எங்க அண்ணிக்கு வைங்க. அப்புறம் பசங்களுக்கு."

தட்டு சூடாக இருந்தது. கூடத்துக்குக் கொண்டுவந்தேன். பேச்சியம்மாள் முன்னால் குனிந்து நீட்டினேன், அவர் தட்டையும் என் முகத்தையும் பார்த்தார், நேரம் எடுத்துக்கொண்டார், பிறகு பிய்ந்ததை விட்டுவிட்டு நல்லதாக ஒன்றை எடுத்தார். சங்கரபாண்டியன் வேண்டாம் என்று கையைக் காட்டினார், காட்டிவிட்டு, "வச்சுட்டுப் போங்க" என்றார். பரிதி என் முகத்தைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே என்ன நடந்தது, போகலாமா, இருக்கலாமா. எனக்கும் அது இன்னும் தெரியாது. அவன் புருவம் ஒருபக்கம் உயர்ந்தது. சூடு ஆறுவதற்குள் சாப்பிடுடா என்று சொல்லி, பிய்ந்த சீயத்தை அவன் கையில் வைத்தேன்.